கரை திரும்பும்வரை

யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று எங்கள் தூத்துக்குடியில் இரண்டு பேரிடம் கேட்டுப் பாருங்கள். பொழுது சாய்வதற்குள் அடிதடியில் முடியும். அந்த வம்பே வேண்டாம் என்றுதான் அரசாங்கம் ஒரு மெஷினைக் கொண்டுவந்தது. அரசு வைத்த பெயர் ஒப்புமானி. ஊர் வைத்த பெயர் தராசு. வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களின் இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு, எதில் இருப்பவர்கள் அதிகம் நொந்துபோயிருக்கிறார்கள் என்று எண்ணில் சொல்லிவிடும். அது சொன்ன எண்ணுக்குக் கீழே ஒரு மனிதர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். அந்த மனிதர் நான். பெயர் பிளாரன்ஸ் கொரைரா. குடியமர்வு அலுவலகத்தில் களச் சரிபார்ப்பாளர், பதினொரு வருட சர்வீஸ்.

அந்த வருடம் தராசில் ஏறிய இரண்டு குடியிருப்புகளும் கடல் சுவருக்கு வெளியே, கைவிட்ட உப்பளங்களின் மேல், பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வடக்கே மாலத்தீவுக்காரர்கள். தீவு முங்கியதும், காலங்காலமாகத் தோணி வந்துபோன ஊர் என்ற உரிமையில் இங்கே வந்து இறங்கியவர்கள். எங்களுக்கு அவர்கள் தீவார். தெற்கே சுந்தரவனத்துக்காரர்கள். வங்காளத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டால், "இப்ப தண்ணிக்கு அடியில" என்பார்கள். இரண்டிலும் நானூறு குடும்பங்கள், கொஞ்சம் முன்பின்.

தெய்வச்செயல்புரத்து மேட்டில் நானூறு வீடுகள் கட்டி முடித்திருந்தார்கள். பெயர்தான் தெய்வச்செயல், கொடுப்பது என்னவோ மெஷின். ஒரு குடியிருப்புக்குத்தான் அது காணும். ஐப்பசியில் கடல் சுவரின் கடைசி மதகை அடைக்கப்போகிறார்கள். அதன் பிறகு சுவருக்கு வெளியே வருகிற தண்ணீர் வெளியேதான் நிற்கும். முந்தைய வருடமே முழங்கால் வரை நின்றது. வீடு கிடைக்காதவர்களுக்கு 'அடுத்த கட்டத்தில்' கிடைக்கும் என்றது சுற்றறிக்கை. அடுத்த கட்டம் எப்போது என்று அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்த எனக்கே தெரியாது.

தராசு யாரிடமும் எதுவும் கேட்காது. கேட்டால் பொய் சொல்வோம் என்று அதற்குத் தெரியும். அடுப்பு எந்நேரம் எரிகிறது, சாக்கடையில் சோப்பு போகிறதா, எண்ணெய் போகிறதா, ரேஷன் அட்டையோடு கொடுத்த கைப்பட்டையில் நாடி எப்படி ஓடுகிறது என்று ஒரு வருடம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு இவர்கள் நலம் நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும். குறைந்த எண் வாங்கியவருக்கு வீடு.

புரட்டாசி முதல் வாரம் எண் வந்தது. தீவாருக்கு முப்பத்து நான்கு. சுந்தரவனத்தாருக்கு முப்பத்தொன்று.

"கையெழுத்தப் போட்டு அனுப்பும்மா" என்றார் இசக்கிராஜ் சார். என் மேலதிகாரி. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது அவருக்கு.

நான் போடவில்லை. சுந்தரவனத்தாரின் கணக்கில் ஒன்று உறுத்தியது. அறுபது எழுபது வீடுகளில் ஒரே நாளில் பகல் அடுப்பு அணைந்திருந்தது. அதே நாளில் சோப்பும் நின்றிருந்தது. இருபத்தொரு நாள் கழித்து, அத்தனை வீட்டிலும் ஒரே நாளில் எல்லாம் திரும்பியிருந்தது. அடுத்து வேறொரு அறுபது வீடு. வருடம் பூராவும் இப்படியே.

"பட்டினின்னு அர்த்தம். வேற என்ன?" என்றார் சார்.

"பட்டினி தேதி பாத்தா சார் வரும்?"

அப்போது எனக்கு இரக்கம் ஒன்றும் இருக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மெஷின் ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறது, அதை நான் பிடிக்கப்போகிறேன் என்ற அரிப்புத்தான் இருந்தது. பதினொரு வருடம் அது சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவளுக்கு அந்த ஆசை வராமல் இருக்குமா?

சுந்தரவனக் குடியிருப்பில் எனக்கு நன்றாகத் தெரிந்தவள் பிசாகா மண்டல். முப்பது வயது இருக்கும். ரேஷன் தகராறில் மற்றவர்களுக்காகப் பேச அவள்தான் வருவாள். ஒன்பது வருடத்தில் எங்கள் ஊர்ப் பேச்சை எங்கள் ஊர்க் கோபத்தோடு சேர்த்துக் கற்றுக்கொண்டவள். அவள் வீட்டுக்குக் காலை பதினொரு மணிக்குப் போனேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. அடுப்பு ஆறிக் கிடந்தது. அவள் தலையில் எண்ணெய் இல்லை, வகிட்டில் குங்குமம் இல்லை, எந்நேரமும் கையில் கிடக்கும் வெள்ளைச் சங்கு வளையல் இல்லை. அவள் புருஷன் நிதாய் போய்விட்டான் என்றே நினைத்தேன்.

"எப்பம்மா? நிதாய்க்கு என்ன ஆச்சு?"

அவள் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

"அந்தப் பேச்சே பேசாதீங்க அக்கா. அவரு காத்தாடி வேலைக்குப் போயிருக்காரு."

காற்றாடி என்று அவள் சொன்னது மன்னார் வளைகுடாவில் நிற்கிற காற்றாலைகளை. இருபத்தொரு நாளுக்கு ஒரு தடவை மிதவை ஒன்று அறுபது எழுபது பேரை ஏற்றிக்கொண்டு போகும். கயிற்றில் தொங்கி இறக்கைகளைச் சுரண்ட வேண்டும், தூண்களில் ஒட்டிய சிப்பியைக் கழிக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர் எவரும் அந்த வேலைக்குப் போவதில்லை.

"எங்க ஊர்ல தேன் எடுக்கக் காட்டுக்குப் போவாங்க அக்கா. புலி இருக்குற காடு. ஆம்பள கெளம்புன அன்னைக்கே பொம்பள வளையலக் கழட்டிருவா. பகல்ல அடுப்புப் பத்த வைக்க மாட்டா. சோப்பு போட மாட்டா, தல சீவ மாட்டா, சத்தமாச் சிரிக்க மாட்டா. கதவ மூட மாட்டா. தாலியறுத்தவ மாதிரியே இருப்பா."

"எதுக்கு அப்படி?"

"சாவு எட்டிப் பாக்கும்லா? இந்த வீட்டுக்குத்தான் ஏற்கெனவே வந்துட்டுப் போயிட்டமேன்னு நெனச்சுத் திரும்பிரும். இங்க புலி இல்ல, கடல் இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான."

வளையல் எங்கே என்று கேட்டேன். அரிசிப் பானைக்குள் கையை விட்டு எடுத்துக் காட்டினாள். எங்கள் கடலில் முங்கி எடுத்த சங்கு எத்தனையோ தலைமுறையாக வங்காளத்துக்குப் போய் வளையல் ஆனது. இப்போது அந்த வளையலோடு ஆட்களே இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாகத்தான் பட்டது.

"மெஷின் இதப் பட்டினின்னு எழுதி வச்சிருக்கு பிசாகா. அதனாலதான் உங்க எண்ணு கொறஞ்சிருக்கு. இப்ப இருக்குறபடி பாத்தா வீடு உங்களுக்குத்தான்."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் வளையலைப் பானைக்குள் திரும்ப வைத்துவிட்டு வெளியே போய் நாலைந்து பெண்களைக் கூட்டி வந்தாள். எல்லார் கையும் மூளியாக இருந்தது. தணிந்த குரலில் அவர்கள் பாஷையில் கொஞ்ச நேரம் பேசினார்கள்.

"வேண்டாம் அக்கா" என்றாள் பிசாகா.

"என்ன வேண்டாம்?"

"அவரு திரும்பி வரணும்னு இருக்குற வெரதம். அதக் காட்டி வீடு வாங்குனா வெரதத்த வித்த மாதிரி. வித்த வெரதம் ஆளக் காக்குமா? நெசத்த எழுதிருங்க."

"எழுதினா வீடு போயிரும்டி."

"ஆளு வந்தாப் போதும். ஆளு வந்தா எங்கயாச்சும் ஒரு மேடு பாத்துக்கிடலாம்."

இரண்டு நாள் யோசித்துச் சொல்லுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர்களே கேட்டுக்கொண்டார்கள் என்ற சாக்கும், மெஷினைப் பிடித்துவிட்டேன் என்ற பெருமையும் சேர்ந்து என்னை நேரே அலுவலகத்துக்கு ஓட்டிக்கொண்டு போயின. சரிபார்ப்புக் குறிப்பில் எழுதினேன்: 'இக்குடியிருப்பில் பகலில் அடுப்பு எரியாமை, சோப்பு பயன்படுத்தாமை, குறைந்த உணவு, பேச்சின்மை ஆகியவை வறுமையின் அறிகுறிகள் அல்ல; வழக்கம். கணவர் கரை திரும்பும்வரை இது நீடிக்கும்.' நல்ல வாக்கியம் என்று இரண்டாவது தடவையும் வாசித்துப் பார்த்தேன்.

இசக்கிராஜ் சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்தார்.

"ஏம்மா, உனக்குத்தான் இது குறிப்பு. தராசுக்கு இது விதி. ஒரு தடவ படிச்சிட்டுன்னா மறக்காது. யோசிச்சுத்தான் எழுதினியா?"

"உண்மையத்தான சார் எழுதுதேன்."

"உண்மைதான்" என்றார். குறிப்பைத் தராசுக்கு அனுப்பினார்.

பத்து நிமிடத்தில் புது எண் வந்தது. சுந்தரவனத்தார் முப்பத்தேழு. தீவார் அதே முப்பத்து நான்கு. வீடு தீவாருக்கு.

மறுநாளே ஹவ்வா அலுவலகத்துக்கு வந்தாள். தீவார் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மாசிக்கருவாடு போடுகிறவள். நாள் முழுக்கச் சூரை மீனை அவித்து, புகை போட்டு, காய வைக்கிற வேலை. அவள் வந்தால் அலுவலகத்துக்கே மாசி வாசம் வந்துவிடும்.

"எங்களுக்கு வந்ததுக்குச் சிரிக்கவா, அவியளுக்குப் போனதுக்கு அழவா?" என்று கேட்டாள்.

"சந்தோஷமாப் போங்க ஹவ்வா. தராசு சொல்லிட்டுல்லா."

"உங்க தராசுக்கு என்ன தெரியும்? எங்க அடுப்பு பகல் பூரா எரியுது. நாங்க திங்கவா எரியுது? அது நாங்க தெனமும் விருந்து வச்சிச் சாப்பிடுதோம்னுல்லா நெனச்சிருக்கும்." நாற்காலியில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். "அவிய ஆம்பளைக்கு வேல இருக்கு, உசுருக்கு உத்தரவாதம் இல்ல. எங்க ஆம்பளைக்கு உசுரு இருக்கு, வேல இல்ல. இதுல எது மேலு? காயல்பட்டினத்துல எங்களுக்குத் தெரிஞ்ச வீடு நாலு இருக்கு. நோன்புக்கு அரிசி வரும். அவியளுக்கு இங்க ஏன்னு கேக்க நாதியில்ல. ஆனா அவிய ஊரு முங்குனாலும் அவிய பாஷை பேச கோடிச் சனம் இருக்கு. எங்க பாஷைய எம்பிள்ளையே பேச மாட்டேங்குது. இதுக்கெல்லாம் எத்தன புள்ளி போட்டீங்க?"

போடவில்லை. ஊரே இரண்டு கூட்டத்தையும் அப்படித்தான் வைத்திருந்தது. தீவாருக்கு வாடகைக்கு வீடு தருவார்கள், வேலை தர மாட்டார்கள். வேலையில்லாதவர் வாடகைக்கு எங்கே போவார்? சுந்தரவனத்தாருக்கு வேலை தருவார்கள், வீடு தர மாட்டார்கள். 'வடக்கன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அதோடு முடிந்தது. ஒன்றில் ஒன்றைக் கழித்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை. தராசுக்கு மூன்று வந்தது.

நிதாய் ஏறிய மிதவை கிளம்பிப் போன பதினாறாம் நாள் புயல் சின்னம் திசை மாறியது. வானிலை அறிவிப்பு இருந்தது, மிதவையைத் திருப்பச் சொல்லி உத்தரவும் போனது என்று பிறகு சொன்னார்கள். போனதா, கேட்டதா என்று சொல்ல அங்கிருந்து யாரும் வரவில்லை. அறுபத்து மூன்று பேர். ஒன்பது நாள் ஹெலிகாப்டர் பறந்தது. மிதவையின் ஒரு பக்கத் தகடு மணப்பாட்டுக்குத் தெற்கே ஒதுங்கியது. ஒரு ஆள்கூட ஒதுங்கவில்லை. ஒப்பந்தக்காரர் கொடுத்த கடிதத்தில் 'தொடர்பில் இல்லை' என்று இருந்தது.

இருபத்தொரு நாள் தாண்டியது. அந்த அறுபத்து மூன்று வீடுகளில் அடுப்பு எரியவில்லை. நான் தராசைத் திறந்து பார்த்தேன். எண் இறங்கியிருக்கும், இறங்கியே ஆக வேண்டும் என்று நினைத்தேன். முப்பத்தேழிலேயே நின்றது. பிசாகாவின் வீட்டுக் கணக்கைத் திறந்தேன். பகல் அடுப்பு இல்லை: வழக்கம். சோப்பு இல்லை: வழக்கம். ஆறு நாளாக ஒரு வேளைச் சாப்பாடு: வழக்கம். உறக்கம் இல்லை, நாடி தாறுமாறு: வழக்கத்தின் தொடர்ச்சி. நிதாய் மண்டல்: பணியில். காரணம் என்ற இடத்தில் என் வாக்கியம் இருந்தது, ஒரு எழுத்து மாறாமல். கணவர் கரை திரும்பும்வரை.

இசக்கிராஜ் சாரிடம் போய்க் கத்தினேன். அந்த ஆபீசில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

"செத்துப் போயிட்டாங்க சார். அது விரதம்னு சொல்லிக்கிட்டு இருக்கு."

"செத்துட்டாங்கன்னு காட்ட சடலம் வேணும்மா. இல்லன்னா ஏழு வருஷம் ஆகணும். சட்டம்."

"அப்ப என் குறிப்ப வாபஸ் வாங்குதேன்."

"நீ எழுதினது உண்மதான? உண்மைய எப்படிம்மா வாபஸ் வாங்குவ?"

நான் அழுதுவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்தார். கொஞ்ச நேரம் தாளைப் புரட்டிவிட்டுச் சொன்னார்.

"ஒரே ஒரு வழி இருக்கு. 'என் கணவர் இறந்துவிட்டதாக நான் கருதுகிறேன்'னு அவங்க ஒவ்வொருத்தியும் கையெழுத்துப் போட்டுத் தரணும். போட்டா விதி அன்னைக்கே விழுந்துரும். நான் போட்டுப் பாத்தேன். முப்பத்து மூணு வருது, வீடு திரும்ப அவங்களுக்கே." வீட்டுப் பட்டியல் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மூடும், அதுவரைதான் மாற்றலாம் என்றும் சொன்னார். அன்று வெள்ளி.

படிவக் கட்டோடு கிளம்பினேன். போகிற வழியில் தீவார் குடியிருப்பு. லாரிக்காக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹவ்வா என் கையில் இருந்த கட்டைப் பார்த்தாள். எதற்குப் போகிறேன் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. கயிற்றை விட்டுவிட்டு எழுந்து நின்றாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு கடந்தேன்.

சுந்தரவனக் குடியிருப்பில் மற்ற குடும்பங்களெல்லாம் மதகு அடைக்கும் நாளை நினைத்துப் பயந்துகிடந்தன. ஆனாலும் அந்த அறுபத்து மூன்று பேரிடம் கையெழுத்துக் கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்த வாய் எனக்குத்தான் வாய்த்தது.

பிசாகாவின் கதவு அப்போதும் திறந்தே கிடந்தது. நான் சொல்வதையெல்லாம் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள். அவள் பின்னால் ஏழெட்டுப் பெண்கள். ஒருத்தியும் அழவில்லை. அழுதால் விரதம் முறிந்துவிடும் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

"கையெழுத்துப் போட்டா உங்க மெஷின்ல என்ன வரும்?"

"இறந்துட்டாருன்னு வரும்."

"இப்ப என்ன இருக்கு?"

தராசின் கணக்கு தெரிகிற கைக்கருவியைத் திறந்து காட்டினேன். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. நான் வாசித்தேன். "நிதாய் மண்டல். பணியில்."

"பணியிலன்னா?"

"வேலையில இருக்காருன்னு."

கருவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனிக்காரன் இல்லன்னு சொல்லுதான். தேடப் போனவங்க கெடைக்கலன்னு சொல்லுதாங்க. கடைத்தெருவுல என்னக் கண்டா மொகத்தத் திருப்பிக்கிடுதாங்க. இது ஒண்ணுதான் அக்கா இருக்காருன்னு சொல்லுது."

"அது சொல்லல பிசாகா. அது நான் எழுதினது. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"நீங்க நெசத்தத்தான எழுதினீங்க?"

தண்ணீர் வரும் என்றேன். நானூறு குடும்பம் என்றேன். பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் "தெரியும் அக்கா, தெரியும்" என்றாள். கையெழுத்துப் போட்ட அந்த நிமிடம் தன் புருஷனைத் தானே கொன்றதாக ஆகிவிடும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குக் கேட்டது. நாளைக்கு வாருங்கள், எல்லாரிடமும் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று கருவியைத் திருப்பிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை போனேன். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றாள். திரும்ப மாலை நாலு மணிக்குப் போனேன். அவள் வீட்டு வாசலில் வரிசை நின்றது. அறுபத்து மூன்று பெண்களும் வந்திருந்தார்கள், மூளிக் கையோடு, வாராத தலையோடு, ரேஷன் அட்டையைப் பிடித்துக்கொண்டு. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அறுபத்து மூன்று பேர் தங்களை விதவை என்று எழுதிக் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு மனுஷி சந்தோஷப்பட முடியுமா? பட்டேன். வீட்டு நடையில் உட்கார்ந்து படிவக் கட்டைப் பிரித்துப் பேனாவைத் திறந்தேன்.

முதலில் பிசாகா நின்றாள். பேனாவை வாங்கவில்லை. பின்னால் நின்றவளைத் தோளைப் பிடித்து முன்னால் விட்டாள். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. அவள் அட்டையை என் முன்னால் நீட்டினாள்.

"இவ வீட்டுக்காரரு பேரும் அதுல இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க அக்கா" என்றாள் பிசாகா. "இவங்க எல்லாருக்கும் ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்க. அப்புறம் நீங்க போங்க."

படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு அட்டையை வாங்கினேன். எண்ணைத் தட்டினேன். பெயர் வந்தது. "பணியில்" என்று வாசித்தேன். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தாள். அடுத்தவள் வந்தாள். அவளுக்கும் வாசித்தேன். யாரும் அவசரப்படவில்லை. சிலர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். கடைசிப் பெண்ணுக்கு வாசித்து முடித்தபோது மணி ஐந்து தாண்டியிருந்தது.